பழைய பின்பால் பழக்கத்தோடு புது மெஷின் முன்னால் நிற்பவருக்கு

சரிந்த தளத்தில் எஃகுப் பந்தை விழாமல் தட்டித் தட்டி ஆடுவதுதான் பின்பால். புது பின்பால் மெஷினில் நான் ஆடிய முதல் பந்து பத்து நொடிகூடத் தாங்கவில்லை. பந்தை மேலே தட்டும் கைகளான இரண்டு ஃபிளிப்பருக்கும் நடுவே நேராக இறங்கிப் போய்விட்டது. பழைய மெஷின்களில் ஆடிப் பழகியவன் செய்வதையே செய்தேன்: பட்டனிலிருந்து கையை எடுத்தேன், ஒரு பெருமூச்சு விட்டேன், அடுத்த பந்தை எறிய, இழுத்துவிடும் பிளஞ்சரைத் தேடினேன். அதற்குள் மெஷின் தானாகவே இன்னொரு பந்தை மேலே எறிந்துவிட்டது. கை மறுபடி பட்டனுக்குப் போவதற்குள் அதுவும் விழுந்தது. முதலில் விழுந்தது கணக்கிலேயே இல்லை, அதற்குப் பதிலாகத்தான் இரண்டாவது வந்தது என்பதே பக்கத்தில் நின்றவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

மணி அடிக்கும், எண் சக்கரம் உருளும் பழைய மெஷின்களை விரும்புகிறவர்கள் புதியவற்றைப் பற்றிச் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வேகம் அதிகம், கூச்சல் அதிகம், எதை அடிப்பது என்றே புரியவில்லை. நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது பாதிதான் சொல்கிறேன். பந்தைப் பிடித்து நிறுத்தப் பழகிவிட்டால் வேகமும் குழப்பமும் சேர்ந்தே குறைகின்றன. கூச்சல் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

எது மாறியது, எது மாறவில்லை

பந்து மாறவில்லை. அதே 27 மில்லிமீட்டர் எஃகு உருண்டை, அதே 80 கிராம் எடை. அது ஓடும் தளம்தான் மாறிவிட்டது. ரிலேயும் எண் சக்கரமும் வைத்த பழைய மெஷின்களைச் சுமார் மூன்றரை டிகிரி சரிவில் நிறுத்துவார்கள். புதியவற்றுக்கு ஆறரை டிகிரி. கேட்கச் சின்ன வித்தியாசமாகத் தோன்றும். மேலிருந்து பந்து இறங்கி வரும்போதுதான் அதன் அர்த்தம் புரியும்.

ஃபிளிப்பரும் அப்படித்தான். 1947-இல் காட்லீப் நிறுவனத்தின் ஹம்ப்டி டம்ப்டியில் முதன்முதலாக ஃபிளிப்பர் வந்தபோது பக்கத்துக்கு மூன்றாக மொத்தம் ஆறு இருந்தன. ஒவ்வொன்றும் பந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிவிட்டது. அறுபதுகளின் கடைசிவரை இரண்டு அங்குல ஃபிளிப்பர்தான், அப்புறம்தான் மூன்று அங்குலம். அந்தக் காலத்து மெஷின்கள் பலவற்றில் முப்பது வோல்ட்டுக்கு உட்பட்ட மாறுமின்சாரத்தில்தான் ஃபிளிப்பரின் மின்காந்தக் காயில் இழுத்தது. இன்றைய ஸ்டெர்ன் நிறுவன மெஷினில் 48 வோல்ட் நேர்மின்சாரம். பட்டனைத் தொட்டாலே பந்து, ஏறுபாதையான செங்குத்து ராம்ப்பின் உச்சிவரை ஏறிவிடுகிறது. அதனால் பழைய கையின் பலம் இங்கே தேவையில்லை. நான் முதல் இரண்டு நாளும் பட்டனைக் குத்திக் குத்தி விரல் வலித்ததுதான் மிச்சம்.

பந்து எண்ணிக்கையும் கவனியுங்கள். பழையதில் ஐந்து வழக்கம், இப்போது மூன்றுதான்.

முதலில் காசு போடாதீர்கள்

புது மெஷின் முன்னால் போய் நின்றதும் ஸ்டார்ட் பட்டனை அழுத்தத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். வேறு யாராவது ஆடிக்கொண்டிருந்தால் ஒரு முழு ஆட்டம் பக்கத்தில் நின்று பாருங்கள். ஸ்கோரைப் பார்க்க வேண்டாம், பந்தின் பாதையை மட்டும் பாருங்கள். இடப்பக்க ராம்ப்பில் ஏறிய பந்து எந்தப் பக்க ஃபிளிப்பருக்குத் திரும்பி வருகிறது? தளத்தின் மேற்புறமாகச் சுற்றிவரும் பாதையில் அடித்தால் மறுபக்கமாக இறங்குகிறதா, பந்தை உதைத்துத் தள்ளும் பம்பர்களுக்குள் போய் விழுகிறதா? அடிப்பதற்கென்று நிற்கும் இலக்குகளில், எந்த டார்கெட்டில் பட்ட பந்து நேராக நடு இடைவெளிக்கு வருகிறது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் முதல் ஆட்டத்திலேயே நாலு பேர் நடுவில் அவமானப்படாமல் தப்பலாம்.

ஃபிளிப்பர்களை எண்ணிப் பாருங்கள். கீழே இரண்டு தெரியும். மேலே எங்காவது மூன்றாவது ஒன்று ஒளிந்திருக்கலாம். சில மெஷின்களில் பட்டனைப் பாதி அழுத்தினால் கீழ் ஃபிளிப்பர் மட்டும் தூக்கும், முழுக்க அழுத்தினால்தான் மேலே இருப்பதும் தூக்கும். முன்பக்கக் கம்பியின் நடுவில் ஒரு பெரிய பட்டன் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எப்போது அழுத்த வேண்டுமோ அப்போது அதுவே மின்னும்.

ஃபிளிப்பர்களுக்குக் கீழே, இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒரு சின்ன அட்டை செருகியிருக்கும். பழைய மெஷின்களில் அந்த அட்டையைப் படித்தாலே விதி முழுவதும் வந்துவிடும். புதியதில் அது வெறும் முன்னுரைதான். இருந்தாலும் படியுங்கள். ஒரே நேரத்தில் பல பந்து ஓடும் மல்டிபால் எப்படித் தொடங்குகிறது என்று அதில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும், இன்றைக்கு அந்த ஒரு வரி போதும்.

பந்தை எறிவது

இதில் பழைய ஆட்டக்காரர் ராஜா. நியூயார்க் நகரில் 1942 முதல் பின்பாலுக்குத் தடை இருந்தது. 1976-இல் பின்பால் ஆட்டக்காரர் ரோஜர் ஷார்ப் நகர மன்றத்தார் முன்னால் ஆடிக் காட்டினார். பிளஞ்சரை இழுப்பதற்கு முன்பே பந்து எந்த வழியில் இறங்கும் என்று சொல்லி, அதே வழியில் இறக்கினார். சூதாட்டம் இல்லை, கைத்திறன்தான் என்று ஒப்புக்கொண்டு தடையை எடுத்தார்கள். அவர் செய்ததைத்தான் புது மெஷினும் உங்களிடம் கேட்கிறது. எறிவதற்கு முன் ஏதாவது ஒரு வழியோ டார்கெட்டோ மின்னிக்கொண்டிருக்கும். முதல் எறியிலேயே அதைத் தொட்டால் தனிப் பரிசு. ஸ்கில் ஷாட் என்பார்கள். மேலே மூன்று வழிகள் வரிசையாக இருந்தால் ஃபிளிப்பர் பட்டனை அழுத்திப் பாருங்கள், மின்னும் விளக்கு பக்கத்து வழிக்கு நகரும். 1980-இல் வந்த ஃபயர்பவர் மெஷின் காலத்திலிருந்தே இந்த வசதி இருக்கிறது.

பிளஞ்சருக்குப் பதில் வெறும் பட்டனோ துப்பாக்கி விசையோ வைத்த மெஷின்களும் உண்டு. எனக்கு அவை மேல் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது, அதை விடுங்கள்.

எறிந்த பிறகு ஃபிளிப்பர்களுக்கு நடுவில், சற்றுக் கீழே ஒரு விளக்கு மின்னுகிறதா என்று பாருங்கள். அது மின்னும்வரை பந்து விழுந்தாலும் மெஷின் திருப்பித் தரும். பத்துப் பதினைந்து நொடிதான், மெஷின் வைத்திருப்பவர் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். திரும்பி வரும் பந்தை மெஷினே எறியும். ஆகவே கையை எடுக்காதீர்கள். நான் எடுத்த கதைதான் மேலே இருக்கிறதே.

பிடித்து நிறுத்துவது

இதற்கு மட்டும் குறைந்தது மூன்று ஆட்டம் ஒதுக்குங்கள். ஸ்கோர் எவ்வளவு வந்தாலும் சரி, எதையும் குறிவைக்க வேண்டாம். பந்து வந்தால் பிடிப்பது, அவ்வளவுதான்.

சுலபமான பிடி இது. பக்கவாட்டு வழியில் இறங்கி ஃபிளிப்பருக்கு உருண்டு வரும் பந்துக்கு ஃபிளிப்பரை முன்கூட்டியே தூக்கி, பட்டனை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பந்து தூக்கிய ஃபிளிப்பரில் ஏறி, வேகம் குறைந்து, திரும்பி உருண்டு, ஃபிளிப்பர் சுவரோடு சேரும் மூலையில் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்ததும் லேசாக ஒரு 'டக்'. அதற்கப்புறம் மெஷின் எவ்வளவு கத்தினாலும் பந்து உங்கள் கையில். வேண்டுமானால் இருபது நொடி அப்படியே நில்லுங்கள். சில போட்டிகளில் கடிகாரம் ஓடும். மற்றபடி ஒன்றும் ஆகிவிடாது. இந்த நிதானம் பழைய மெஷினிலும் சாத்தியம்தான். ஆனால் அங்கே பந்து மெதுவாகவே வரும், அதனால் யாரும் பெரிதாகப் பழகுவதில்லை.

அடுத்தது ஒன்றும் செய்யாமல் இருப்பது. கேட்க எளிது, செய்யக் கஷ்டம். மேலிருந்து ஓரளவு வேகமாக ஒரு ஃபிளிப்பர் மேல் வந்து விழும் பந்தைக் கண்டதும் விரல் தானாக அழுத்தும். அழுத்தாதீர்கள். படுத்திருக்கும் ஃபிளிப்பரின் ரப்பரில் பட்டு, பந்து எதிர் ஃபிளிப்பருக்குத் துள்ளிப் போகும். அங்கே அதைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளலாம். முதல் முறை செய்யும்போது, ஓடுகிற பேருந்திலிருந்து கையை விட்டது போல வயிற்றைக் கலக்கும். நாலைந்து முறை ஆனதும் பழகிவிடும். பந்து ஃபிளிப்பரின் நடுப்பகுதியில் விழுந்தால் இதை நம்பலாம். நுனியில் விழுந்தால் நம்பாதீர்கள்.

மூன்றாவது ஒரு கெட்ட பழக்கத்தை விடுவது. இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தும் பழக்கம். இரண்டு ஃபிளிப்பரும் தூக்கியிருக்கும்போது நடு இடைவெளி அகன்றுவிடும். பந்தை நாமே வழியனுப்பி வைத்த மாதிரி. பந்து எந்தப் பக்கம் வருகிறதோ அந்தக் கை மட்டும் வேலை செய்யட்டும்.

குறி வைப்பது

பிடித்த பந்தைக் குறிபார்த்து அடிக்க, பட்டனை விட்டு ஃபிளிப்பரைப் படுக்க விடுங்கள். பந்து அடிப்பகுதியிலிருந்து நுனிநோக்கி உருளத் தொடங்கும். அடிப்பகுதியில் இருக்கும்போதே அடித்தால் நிமிர்ந்து போகும், சில சமயம் தன் பக்கத்துக்கே போகும். நுனிக்கு நெருங்க நெருங்க எதிர்ப்பக்கமாகக் குறுக்கே போகும். வலது ஃபிளிப்பரிலிருந்து இடப்பக்க ஓரப் பாதைக்கு அடிக்க நுனிவரை காத்திருக்க வேண்டும். நடுவில் இருப்பதை அடிக்கச் சீக்கிரமே அடிக்க வேண்டும். தவறினால் எந்தப் பக்கம் தவறியது என்று மனதில் குறித்துக்கொண்டு, அடுத்த முறை அரைக்கணம் முன்னே பின்னே செய்யுங்கள். வேறு மந்திரம் கிடையாது.

நடு டார்கெட்டுகளை மட்டும் சும்மா சுட்டுப் பார்க்காதீர்கள். எதிரே நிற்பதில் பட்ட பந்து வந்த வேகத்திலேயே திரும்பும். ராம்ப்பில் ஏறிய பந்தோ சுற்றிவந்து ஒழுங்காக ஃபிளிப்பரில் இறங்கும். பாதுகாப்பான வழி எது என்று தெரிந்து வைத்திருப்பது பாதி ஆட்டம்.

விளக்கு சொல்லும் கதை

இங்கேதான் பெரிய மாற்றம். பழைய மெஷினில் செய்யவேண்டியது கண் முன்னால் இருக்கும். 1977-இல் வந்த சென்டிகிரேட் 37-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பின்கண்ணாடியில் ஒரு வெப்பமானி. சரியானதை அடித்தால் அது ஏறும், உச்சியைத் தொட்டால் பரிசு. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கும் ஆட்டம் எங்கே நிற்கிறது என்று தெரியும். புதியதில் விதி மென்பொருளுக்குள் இருக்கிறது. ஒரே ராம்ப் ஒரு நேரம் ஒன்றுமில்லை, இன்னொரு நேரம் ஜாக்பாட்.

அதனால் ஒரே ஒரு விதியோடு தொடங்குங்கள்: மின்னுவதை அடி. தளத்தில் பதித்திருக்கும் அம்புகளில் எது மின்னுகிறதோ அதற்கு இப்போது மதிப்பு. நிலையாக எரிவது வேறு செய்தி, அதைப் பிறகு பார்க்கலாம். திரையைப் பந்து ஓடும்போது பார்க்கவே கூடாது. நிமிர்ந்து பார்த்த நேரத்தில்தான் பந்து விழும்; இதில் எனக்கு நிறைய அனுபவம். பந்தைப் பிடித்து நிறுத்திய பிறகு பாருங்கள். பட்டனைச் சில நொடி விடாமல் அழுத்தியிருந்தால் பல மெஷின்கள் அதுவரை என்னென்ன முடித்தீர்கள், இன்னும் என்ன பாக்கி என்று வரிசையாகக் காட்டும்.

விதி எப்படி அடுக்கப்படுகிறது என்று புரிய மெடீவல் மேட்னஸ் நல்ல பாடம். 1997-இல் வில்லியம்ஸ் வெளியிட்டது. பிறகு சிகாகோ கேமிங் மறுபடி செய்ததால் இன்றும் ஆடக் கிடைக்கிறது. தளத்தின் நடுவில் ஒரு கோட்டை. அடித்தால் முதலில் தொங்குபாலம் இறங்கும். மேலும் அடித்தால் உள்ளே இருக்கும் இரும்புக் கதவு தூக்கும். பிறகு பந்தை உள்ளே அனுப்பினால் கோட்டை கண்ணெதிரே ஆடிச் சரியும். ஒரு கோட்டை விழுந்ததும் அடுத்த கோட்டை, ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பிடிவாதம். இதற்கிடையில் ராம்ப்புகளும் ஓரப் பாதைகளும் தத்தம் கிளைக்கதைகளை நடத்தும். எல்லாவற்றையும் முடித்தவருக்குக் கடைசியில் ஒரு பெரும்போர் திறக்கும். இப்படி எல்லாம் முடித்தால் மட்டும் வரும் கடைசிக் கட்டத்தை விஸார்ட் மோடு என்பார்கள். நான் இன்னும் பார்த்ததில்லை. முதல் கோட்டை விழும்போது வரும் சந்தோஷமே எனக்குப் போதுமாக இருக்கிறது.

புது மெஷினுக்கு நேராகப் போகத் தயக்கமாக இருந்தால், நடுவில் ஒரு படி உண்டு. 1986-இல் வில்லியம்ஸ் வெளியிட்ட ஹை ஸ்பீடு. அதில் கதை ஒன்றே ஒன்றுதான்: போக்குவரத்து விளக்கைப் பச்சையிலிருந்து மஞ்சள், மஞ்சளிலிருந்து சிவப்பு என்று மாற்றுவது, சிவப்பில் நிற்காமல் ராம்ப்பில் பாய்வது, போலீஸ் துரத்தலுக்கு நடுவே மல்டிபால். ஒரே வரியில் சொல்லிவிடலாம். புது மெஷின்கள் இதே மாதிரிப் பத்துக் கதைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தவை என்று எண்ணிக்கொண்டால் பயம் குறையும்.

ஸ்கோரைப் பற்றி ஒரு வார்த்தை. கோடிக்கணக்கில் எண்ணைப் பார்த்து மகிழ வேண்டாம், அது வெறும் பணவீக்கம். 1995-இல் வந்த அட்டாக் ஃப்ரம் மார்ஸ் நூறு கோடிக் கணக்கில் அள்ளிக் கொடுக்கும். திரையில் காட்டும் இலவச ஆட்டத்துக்கான எண்ணில் பாதியைத் தொட்டால் நன்றாக ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு மூன்று பந்து சேர்ந்து வந்தால்

மல்டிபால் புது மெஷின்களின் கண்டுபிடிப்பு என்று நினைக்காதீர்கள். பாலி நிறுவனத்தின் பால்ஸ்-எ-பாப்பின் 1956-இலேயே செய்துவிட்டது. அதே நிறுவனத்தின் ஃபயர்பால் 1972-இல் நடுவில் சுழலும் தட்டோடு வந்தது. பழைய ரசிகர் இதற்குப் பயப்படக் காரணமில்லை.

செய்ய வேண்டியது இதுதான். தொடங்கியதும் ஒரு பந்தை ஏதாவது ஒரு ஃபிளிப்பரில் பிடித்து நிறுத்துங்கள். மற்றப் பந்தை அடுத்த ஃபிளிப்பரால் அடியுங்கள், மின்னும் ஜாக்பாட்டைக் குறிவைத்து. எல்லாப் பந்தையும் ஒரே நேரத்தில் காப்பாற்றப் பார்த்தால் எல்லாமே போகும். மூன்று பந்தில் ஒன்று விழுந்தால் விழட்டும். தொடக்கத்தில் சில நொடி விழுந்த பந்துகளை மெஷின் திருப்பித் தரும் என்பதால், அந்த நேரத்தில் துணிந்து அடிக்கலாம்.

இடிக்கலாம், அளவோடு

மெஷினை அளவுக்கு மீறி ஆட்டினால் அது ஆட்டத்தை நிறுத்திவிடும், அதுதான் டில்ட். பழைய மெஷினில் ஒருமுறை டில்ட் ஆனால் பந்து போச்சு. சிலவற்றில் ஆட்டமே போச்சு. அதனால் பழைய ஆட்டக்காரர்கள் இரண்டு வகை: மெஷினைத் தொடவே பயப்படுகிறவர், விரல்நுனியால் வித்தை காட்டுகிறவர். இரண்டாவது வகை என்றால் உங்களுக்கு நல்ல காலம். புதியதிலும் ஆட்டுவதை உணர உள்ளே தொங்குவது அதே ஊசல்தான். ஆனால் வழக்கமாக இரண்டு எச்சரிக்கை தரும், மூன்றாவதில்தான் பந்தும் அதுவரை சேர்ந்த போனஸும் போகும். அந்த எச்சரிக்கைகளைச் செலவழிக்கத்தான் கொடுத்திருக்கிறார்கள். பந்தை வெளியே விழவிடும் ஓரத்து வெளிவழியின் வாயில் பந்து தத்தளிக்கும்போது ஒரு சின்னத் தள்ளு அதை ஃபிளிப்பருக்கு இறங்கும் உள்வழிக்குத் திருப்பிவிடும். அந்த ஓரத்துப் பழக்கம் பழைய மெஷின்களில் வந்ததென்றால் அப்படியே உதவும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எச்சரிக்கை வந்தவுடன் மறுபடி இடிக்கக் கூடாது. ஊசல் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். லேசாகத் தொட்டாலே அடுத்த எச்சரிக்கை. நாலைந்து நொடி பந்தைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.

எத்தனை ஆட்டத்தில் பழகும்?

முதல் மூன்று பிடித்து நிறுத்தவே. அடுத்த மூன்றில் ஒரே ஒரு ராம்ப்பைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஃபிளிப்பரிலிருந்தும் எது சுலபம் என்று பாருங்கள். அப்புறம் மல்டிபாலைத் தொடங்குவது மட்டும் குறிக்கோள். பத்தாவது ஆட்டம் வரும்போது எந்தக் கதையை எப்போது தொடங்குவது என்று நீங்களே யோசிக்கத் தொடங்கியிருப்பீர்கள். மெஷினை அடிக்கடி மாற்றாதீர்கள். பழையவற்றில் ஒரே நாளில் எட்டு மெஷின் ஆடலாம். இங்கே ஒன்றையே எட்டு முறை ஆடினால்தான் பிடிபடும்.

சத்தம் தாங்கவில்லை என்றால் ஹெட்ஃபோன் செருகும் இடம் இருக்கிறதா என்று முன்பக்கம் பாருங்கள். ஜெர்ஸி ஜாக் நிறுவன மெஷின்கள் சிலவற்றில் இருக்கும். 2021-க்குப் பிந்தைய ஸ்டெர்ன் மெஷின்களில் க்யூஆர் குறியைக் காட்டி உங்கள் கணக்கில் நுழைந்தால் ஆடியதெல்லாம் பதிவாகும். வேண்டாமென்றால் விட்டுவிடலாம், ஆட்டம் ஒன்றும் குறையாது.

கடைசிப் பந்து விழுந்ததும் நகர்ந்துவிடாதீர்கள். மெஷின் தானாக ஒரு பொருத்த எண்ணைக் காட்டும், அது உங்கள் ஸ்கோரின் கடைசி இரண்டு இலக்கத்தோடு ஒத்தால் ஒரு ஆட்டம் இலவசம். அப்போது உள்ளிருந்து மரத்தில் சுத்தியல் அடித்த மாதிரி ஒரு சத்தம் வரும். சில மெஷின்களில் அது இன்னும் நிஜச் சுத்தியல்தான், பழையதில் கேட்ட அதே அடி. ஸ்கோர் பட்டியலில் இடம் பிடித்திருந்தால் பெயரின் மூன்று எழுத்தைக் கேட்கும். ஃபிளிப்பர் பட்டன்களால் எழுத்தை மாற்ற வேண்டும், ஸ்டார்ட் பட்டனால் உறுதிசெய்ய வேண்டும். இது தெரியாமல் நான் ஸ்டார்ட்டை மூன்று முறை அழுத்திவிட்டேன். அந்தப் பட்டியலில் நான்காவது இடத்தில் இருந்த 'ஏஏஏ' நான்தான்.